செருப்புப் போட்ட பேய்

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் வீட்டில்தான் வந்து நிற்கிறது. யார் கட்டியது, யார் விற்றது, எந்தப் பங்காளி எந்தச் சுவரை இடித்தான் என்று பொழுது சாயும்வரை பேசுவோம். அந்தப் பேச்சில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. நான் வளர்ந்த வீட்டை எங்கள் ஆட்கள் கட்டவில்லை. ஆனால் அதில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களை ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தேடி அலைந்தோம். அந்த நாட்களில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதுபோல அதற்குப் பிறகு அடித்துக்கொண்டதில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரர் இதையெல்லாம் படிக்கமாட்டார், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அய்யா பஸ் கண்டக்டர். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து ராமநாதபுரம் போய் வரும் வண்டி. கமுதிப் பக்கம் இருந்த எங்கள் பூர்வீகப் புன்செய்க் காட்டை விற்றுவிட்டு, ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினார். தேக்கு நிலை, நாலு அறை, பின்னால் பெரிய கொல்லை. இவ்வளவு பெரிய வீடு ஒரு கண்டக்டருக்கு எப்படிக் கிடைத்தது என்று அம்மா கேட்டதற்கு, "அதிர்ஷ்டம்" என்றார் அய்யா. விற்றவர் கமுதியில் மிளகாய் வியாபாரம் செய்பவர், அந்த வீட்டிலேயே பிறந்தவர். சாவியைக் கொடுக்க வந்த அன்று அவர் வாசற்படிகூட ஏறவில்லை. தெருவில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போனார்.

பால் காய்ச்சிய அன்றைக்கு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஆனால் பாலைத் தெருவிலேயே நின்று குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் எதிர்வீட்டுக்காரி, தெருவில் காயப்போட்டிருந்த மிளகாயைக் காலால் கிளறிக்கொண்டே அம்மாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"ஒங்க கொல்லையில ஒரு கெணறு மூடிக் கெடக்குல்ல? அதுல ஒரு பொண்ணு விழுந்து செத்துருக்கு. கிராம முன்சீப்பு மக. ரெண்டு நாளு ஆள எறக்கித் தேடுனாக. பொணம் சேத்துக்குள்ள போயிருச்சுன்னு மண்ணப் போட்டு மூடிட்டாக."

மிளகாய் நெடியில் நான் தும்மிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அம்மா அப்போது ஏழு மாதம்.

ஆனால் என் பக்கத்தில் நின்ற அத்தையின் கண்கள் விரிந்தன. அத்தை, அய்யாவின் கடைசித் தங்கை. பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிவிட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். கையில் எப்போதும் ஏதாவது துப்பறியும் கதை இருக்கும்.

"அப்ப பொணத்த யாருமே பாக்கலையா?" என்று கேட்டாள் அத்தை.

"முன்சீப்பே சொல்லும்போது யாரு பாக்கணும்? ஊருல பொறப்பையும் சாவையும் பதியிறதே அவருதான?"

அந்தக் கிணற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்கு வட்டமாகக் கல்கட்டு, உள்ளே விளிம்புவரை மண். உருளை தொங்கிய இரண்டு கல்தூண்கள் மட்டும் சும்மா நின்றன. சித்திரை வெயிலில் ஊருணி அடியில் போய்விட்டது. அரை மைல் நடந்து, சகதியில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு ஊற்றிக் குடத்தை நிரப்ப வேண்டும். ஏழு மாத வயிற்றோடு அம்மா இடுப்பில் குடம் வைத்து வருவாள். வீட்டுக்குள்ளேயே ஒரு கிணறு மண்ணைத் தின்றுகொண்டு கிடந்தது. "மண்ணை அள்ளிப் போட்டுத் திறந்திடலாமே" என்று அய்யா ஒரு தடவை சொன்னதற்கு அம்மா அழுத அழுகையில் அவர் அதற்குப்பிறகு வாயைத் திறக்கவில்லை.

"அந்தத் தண்ணிய என் புள்ளைக்குக் குடுப்பேனா? பிரசவத்துக்கு முன்னால வேற வீடு பாருங்க. இல்லாட்டி நான் எங்க ஊருக்குப் போறேன், திரும்பி வரமாட்டேன்."

அம்மா அப்படிச் சொன்னால் செய்துவிடுவாள். வீட்டை வாங்க ஆள் கிடையாது. அய்யா சாப்பிடும்போதுகூட யோசனையிலேயே இருந்தார்.

அத்தை மட்டும் ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். 'வீட்டில் இருந்தவர்கள்' என்று தலைப்பு. முதலில் முன்சீப் குடும்பம். முன்சீப் செத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகன், அதாவது எங்களுக்கு வீட்டை விற்றவர், கமுதிக்குப் போய்விட்டார். பிறகு ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு வந்து சில மாதம் இருந்து, ஒருநாள் ஓடியிருக்கிறது. "பேயப் பாத்துட்டாக, பட்டப்பகல்ல" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

"பட்டப்பகல்ல வந்த பேயா?" என்று அத்தை என்னைப் பார்த்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும்போலவும் இருந்தது.

அந்த வாத்தியார் தேவிபட்டினத்தில் இருந்தார். திங்கட்கிழமை தோறும் அய்யா வண்டியில்தான் ஏறுவார். அத்தை நச்சரித்த நச்சரிப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யா எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றி, தேவிபட்டினத்தில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். திரும்பும் நடையில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

வாத்தியார் வீட்டில் இல்லை. அவர் சம்சாரம் எங்களுக்கு மோர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"மத்தியானம் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா, வெள்ளச் சேலை கட்டி ஒருத்தி நிக்கிறா. யாருன்னு கேக்கக்கூட எனக்கு நாக்கு வரல. அவ பாட்டுக்கு வீட்டுக்குள்ள போறா, வாரா. எந்தக் கதவு எங்கன இருக்குன்னு நான் காட்டவே இல்ல. அடுப்படியில ஒரு இடத்துல குனிஞ்சாத்தான் தலை இடிக்காது. அவ அந்த இடம் வரும்போது தானா குனிஞ்சா."

"பெறகு?" என்றாள் அத்தை. நோட்டில் பேனா நின்றுவிட்டது.

"கொல்லைக்குப் போனா. மூடுன கெணத்தப் பாத்தா. பாத்துட்டு அப்புடியே அது மேல உக்காந்து அழுதா பாரு ஒரு அழுக! நான் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு ஓடிட்டேன். அதே வாரத்துல வீட்டக் காலி பண்ணிட்டோம்."

பேய்க்குக் கால் தரையில் படாது என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன். அதைத்தான் கேட்டேன்.

"அவுகளுக்குக் கால் இருந்துச்சா?"

"இருந்துச்சே. வெள்ளைச் செருப்புப் போட்டிருந்தா."

"பேய் செருப்புப் போடுமா?"

அந்த அம்மாள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. அத்தை என் தொடையைக் கிள்ளினாள், சந்தோஷத்தில்.

"வேற ஏதாச்சும் சொன்னாகளா? நெனச்சுப் பாருங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். "நான் ஓடும்போது பின்னாலயே வந்து, 'பயப்படாதீக, நான் போறேன். வண்டியப் புடிச்சுப் பாலம் தாண்டணும்'னு சொன்ன மாதிரி இருந்துச்சு. ஆமா, மேல பினாயில் வாடை அடிச்சுச்சு."

வெள்ளைச் சேலை. வெள்ளைச் செருப்பு. பினாயில் வாடை. பாலம் என்றால் எங்கள் பக்கத்தில் பாம்பன் ரயில் பாலம் ஒன்றுதான். பஸ் வரும்வரை நாங்கள் சாலையோரப் புளியமரத்தடியில் நிற்கவே இல்லை, குதித்துக்கொண்டே இருந்தோம். அய்யா வண்டியை நிறுத்தியதும் அத்தை படியில் தொற்றியபடியே கத்தினாள்.

"அண்ணே, அது பேய் இல்ல, நர்சு! அந்தப் பொண்ணு சாகல. பாம்பன்ல இருக்கு!"

வண்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அய்யா விசில் ஊத மறந்து நின்றார்.

கடலுக்கு மேலே சாலைப் பாலம் வராத காலம் அது. பாம்பன் போக வேண்டுமென்றால் ரயில்தான். அடுத்த விடுப்பு நாளில் அய்யா எங்களை ராமநாதபுரத்திலிருந்து ரயிலேற்றினார். அம்மாவிடம் ராமேஸ்வரம் போய்க் கும்பிட்டு வருவதாகச் சொல்லியிருந்தோம். மண்டபம் தாண்டியதும் வண்டி ஊர்ந்தது. சன்னலுக்குக் கீழே தரையே இல்லை, கடல்தான். காற்று என் ரிப்பனைப் பிய்த்துக்கொண்டு போனது. பச்சைத் தண்ணீரில் அந்தச் சிவப்பு ரிப்பன் விழும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறொரு நாளாக இருந்தால் அழுதிருப்பேன்.

பாம்பன் ஸ்டேஷனில் வலை சுமந்து போன ஒருவரிடம் நர்சம்மா வீடு எங்கே என்று அய்யா கேட்டார். "எந்த நர்சம்மாவா? இங்க இருக்கறதே ஒருத்தங்கதான்" என்று சிரித்தார் அவர். கருவாடு காயும் மணலில் கால் புதையப் புதைய நடந்தோம். ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறை, ஒரு பெஞ்சு. உள்ளே, கையில் திருக்கை முள் குத்திய மீனவர் ஒருவர், அய்யாவைவிட இரண்டு மடங்கு ஆள், ஊசியைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து நின்றது, வெள்ளைச் சேலை கட்டிய, கொஞ்சம் பருத்த, நாற்பது தாண்டிய ஒரு அம்மாள்.

"ஏலே, கடல்ல சுறாவப் புடிப்ப, இத்துணூண்டு ஊசிக்கு அழுவியா? கையத் தளர்த்து" என்றார்.

எங்கள் பக்கத்துப் பேச்சு. எனக்குப் புல்லரித்தது.

மீனவர் போனதும் அய்யா எப்படித் தொடங்குவது என்று தொண்டையைச் செருமினார். அத்தைக்குப் பொறுமை ஏது?

"நீங்க முன்சீப்பு மகதான? நீங்க கெணத்துல விழுந்து செத்துப்போயிட்டீகன்னு ஊருல சொல்றாக!"

நர்சம்மா ஊசியைத் தட்டில் வைத்தார். எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"சொல்லுவாக. பதினாறாம் நாளு சாப்பாடு நல்லா இருந்துச்சாமா?"

அத்தை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குப் பதினாறு வயதில் அவர் ஆத்தா பிரசவத்தில் போய்விட்டாள். சுற்றி ஆறேழு பெண்கள் நின்றார்கள், ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றைக்கே நர்ஸ் படிப்பது என்று முடிவு செய்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் மதுரைக்குக் கடிதம் கொடுக்கத் தயாராக இருந்தார். முன்சீப்புக்கு அது அடுக்கவில்லை. கண்ட ஆம்பிளையைத் தொடும் வேலைக்கு என் மகளா என்று கேட்டு, அவசரமாகக் கல்யாணம் பேசினார். ஒரு விடியற்காலையில், தண்ணீர் எடுக்கப் போவதுபோலக் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தவர், குடத்தை வைத்துவிட்டு நடந்துவிட்டார்.

"வாளிக் கயிறு கைதவறி உள்ள விழுந்துருச்சு. எடுக்க நேரமில்ல. அதப் பாத்துத்தான் மொதல்ல நெசமாவே பயந்திருப்பாக. ஆனா பத்து நாளுல எங்க அய்யாவுக்கு லெட்டர் போட்டேன். நல்லாருக்கேன், சேந்துட்டேன்னு. மூணு லெட்டர் போட்டேன்."

"அப்ப அவருக்குத் தெரியுமா?" என்றார் அய்யா.

"தெரியும். தெரிஞ்சுதான் கெணத்த மூடியிருக்காரு. அவரு செத்த சேதி எனக்கு ஒரு வருசம் கழிச்சுத்தான் கெடச்சுச்சு. தம்பியையாவது பாக்கலாம்னு போனேன். வீட்டுல வேற யாரோ இருந்தாக, என்னையப் பாத்து அலறுனாக. மூடுன கெணத்தப் பாத்ததும் வெளங்கிருச்சு. என்னைய உள்ள போட்டுத்தான் மூடியிருக்காக. தம்பியும் அதுக்கு ஒடந்தைதான்னு நெனச்சேன். வந்துட்டேன்."

அத்தை அவரை ஊருக்குக் கூப்பிட்டாள். அவர் தலையை ஆட்டினார். "செத்தவ செத்தவளாவே இருந்துட்டுப் போறேன், தாயி."

அப்போதுதான் அய்யா பேசினார். டிக்கெட் கிழிக்கும்போது பேசுகிற அதே சாதாரணக் குரலில்.

"வீட்டப் பத்திரம் பண்ணும்போது ஒங்க தம்பி ஒரு வாரம் தள்ளிப்போட்டாரு. தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகணும்னாரு. அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் அக்காவுக்கும் எள்ளுந்தண்ணியும் விடணும், சின்னப்புள்ளையில இருந்து தையும் ஆடியும் ஒரு வருசம் தவறுனதில்லன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

நர்சம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். ராமேஸ்வரம் போகும் ஒவ்வொரு வண்டியும் அந்த வீட்டுச் சன்னலை அதிரவைத்துவிட்டுத்தான் போகும். தம்பி வருடா வருடம் அந்தச் சன்னலைத் தாண்டிப் போய், அக்காவுக்குக் கடலில் தண்ணீர் விட்டிருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றார், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி.

அய்யா மறுநாளே கமுதிக்குப் போனார். போனவர் வாடிய முகத்தோடு திரும்பினார். மிளகாய்க்காரர் நம்பவில்லையாம். "செத்தவள வச்சு வெளையாடாதீக. வீட்டத் திருப்பித் தள்ளிவிட இப்புடி ஒரு வழியா?" என்று சத்தம் போட்டு வெளியே அனுப்பிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறார் என்று மட்டும் அய்யா சொல்லிவிட்டு வந்திருந்தார். அத்தைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. அம்மா கொல்லைக்குப் போய், மூடிய கிணற்றை நீண்ட நேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. அய்யா வண்டியிலிருந்தே நர்சம்மா இறங்கினார். வெள்ளைச் சேலை, வெள்ளைச் செருப்பு, கையில் ஒரு தோல் பை. தெருவில் முதலில் பார்த்தது எதிர்வீட்டுக்காரிதான். கையில் இருந்த மிளகாய் முறம் கீழே விழுந்தது. அவளும் இவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

"அடியே... நீயா?" பக்கத்தில் வந்து அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"வலிக்குதுடி!" என்றார் நர்சம்மா.

அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. அதுவரை எங்கள் வீட்டு வாசலில் கால் வைக்காதவர்களெல்லாம் அடுப்படிவரை வந்தார்கள். முதல் அரைமணி நேரம் அழுகை, பிறகு கேள்விகள். கல்யாணம் என்று ஒருத்தி இழுத்தாள். "நேரமில்லத்தா. பாம்பன்ல பாதிப் பிள்ளைகள் என் கையில விழுந்ததுதான்" என்றார். பிறகு ஒருத்தி மூட்டு வலி என்றாள், இன்னொருத்தி பேரனுக்குக் காது சீழ் என்றாள். தோல் பை திறந்தது. செத்துப்போனவர் முன்னால் ஊரே வரிசையில் நின்று நாக்கை நீட்டியது. அவர் அம்மாவையும் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "தலை திரும்பியிருக்கு. பயப்படாத, நான் வாரேன்" என்றார். அம்மா அவர் கையை விடவே இல்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கமுதிக்காரர் இறங்கினார். பெரிய மீசை, வெள்ளை வேட்டி. அன்றைக்குச் சாவி கொடுத்தபோது நின்ற அதே மாதிரித் தெருவிலேயே நின்றார். உள்ளே இருந்த சத்தம் அடங்கிவிட்டது. நர்சம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவர்களை யாரென்று அறிமுகப்படுத்தவில்லை, தேவைப்படவும் இல்லை.

கமுதிக்காரருடைய மீசை துடித்தது. அவர் கேட்டது இதுதான்:

"ஏன் என்னையக் கூட்டிட்டுப் போகல?"

வளர்ந்த ஆம்பிளை, வியாபாரி, ஏழு வயதுப் பையன் குரலில் கேட்டார். நர்சம்மா படியிறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தார்.

"நீ தூங்கிக்கிட்டு இருந்தடா. எழுப்புனா அழுவ. நீ அழுதா நான் போயிருக்கமாட்டேன்."

அய்யா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, பெருமையாக இருந்தது.

இப்போது நினைத்தால் முன்சீப்பைப் பற்றி எனக்கு ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. மகள் உயிரோடு இருப்பது தெரிந்தும், சின்ன மகனைக் கடலில் இறக்கி, அவளுக்குத் தண்ணீர் விடவைத்த மனிதர். ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர் என்று அத்தை சொல்வாள். நர்சம்மா அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தாழ்வாகப் பேசிக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் அவர்மேல் மட்டுமில்லை. பிணத்தைப் பார்த்தீர்களா என்று இத்தனை காலத்தில் கேட்காத ஊர்மேலும்தான்.

கிணற்றைத் திறந்தது கமுதிக்காரர்தான். கமுதியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ஒன்பது நாள் மண் அள்ளினார். பத்தாம் நாள் ஊற்று கண் திறந்தபோது, நான் மேலிருந்து கத்திய கத்தலுக்குக் கிணறே பதில் சொன்னது. தண்ணீர் லேசாகக் கரித்தது. அம்மா அதை வடிகட்டி முதல் செம்பை அவளே குடித்தாள். ஆனி மாதம் அந்த வீட்டிலேயே, நர்சம்மா கையிலேயே, என் தம்பி பிறந்தான்.

அந்த ஆடி அமாவாசைக்கு அய்யாவும் அத்தையும் நானும்கூட ராமேஸ்வரம் போனோம். கமுதிக்காரர் வழக்கம்போல இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நர்சம்மா பாம்பனில் ஏறி எங்களோடு வந்து, தம்பிக்குப் பக்கத்தில் நனைந்த சேலையோடு நின்றார். கரையெல்லாம் கூட்டம். ஐயர் அவசரத்தில் இருந்தார். அவர்களுடைய அய்யாவின் பெயரைக் கேட்டார், கமுதிக்காரர் சொன்னார். ஆத்தா பெயரைக் கேட்டார், சொன்னார்.

"அடுத்து?" என்றார் ஐயர்.

பழக்கதோஷம். கையில் எள்ளை எடுத்துக்கொண்டு தம்பி அக்கா பெயரைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

நர்சம்மா அவர் ஈர முதுகில் பளார் என்று ஒன்று வைத்தார்.

"ஏலே, நான் இங்கனதான நிக்கிறேன்!"